நான் எழுதிய ஒரு பக்கம்

பட்டியல் வந்த அன்று காலையிலாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். குழு முழுவதும் டீக்கோப்பையோடு என் மேசையைச் சுற்றி நின்றபோது, "நம்ம டீம்ல ஒருத்தர்கூடப் போக மாட்டாங்க. நான் இருக்கேன்ல?" என்றேன். போன வாரமும் இதைத்தான் சொன்னேன், அதற்கு முந்தைய வாரமும் இதைத்தான். என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போட வேண்டும் என்று என் கணவர் இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு. அடிதடி நடக்கும் வீடு, அடுப்பு எரியாத வீடு, அம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்காத வீடு, இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசி, பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்ப்பது எங்கள் வேலை. மூன்று குழுக்களாக இருந்தோம். மறுசீரமைப்பு என்று ஒன்று வந்தது. மூன்று குழுக்களை இரண்டாக்குவார்கள், நாலு பணியிடங்கள் போகும் என்றார்கள். யாரை வைத்துக்கொள்வது என்று அளவெடுக்க வெளியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் கணினி, யாரைப் பார்த்தாலும் ஒரே அளவு சிரிப்பு. எங்கள் ஆட்கள் முதல் நாளே அவர்களுக்குத் தையல்காரர்கள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அளவெடுப்பது வெட்டுவதற்குத்தானே.

பெயர் வைப்பதில் எங்கள் குழுவை மிஞ்ச ஆள் கிடையாது. விதிப்புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிப்பவருக்கு வக்கீல். மாலை ஐந்து அடித்ததும் பேனாவைக்கூட மூடாமல் கிளம்பிவிடுபவருக்கு அஞ்சு மணி. எங்கேயும் நேரத்துக்கு வந்து சேராதவளுக்குக் கடிகாரம். எனக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரஷர் குக்கர்.

கடிகாரம் சோம்பேறி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு வீட்டுக்குப் போனால் அந்த அம்மா பேசி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். மற்றவர்கள் முக்கால் மணியில் முடிக்கும் இடத்தில் அவளுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். ஆனால் மற்றவர்களுக்குக் கதவே திறக்காத வீடுகளில் அவளுக்கு நாற்காலி போடுவார்கள். ஒரு தடவை ஏழு மாதமாக யாரிடமும் பேசாத ஒரு பெண், இவளோடு உட்கார்ந்து கிழிந்த பள்ளிச் சீருடையைத் தைத்துக்கொண்டே, பக்கத்து அறையில் ஒரு கைக்குழந்தை இருப்பதைச் சொன்னாள். அந்தக் குழந்தை இருப்பது அதுவரை எங்கள் ஃபைலிலேயே கிடையாது. பன்னிரண்டு வருஷம் என்னோடு வேலை செய்தவள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள், நானும் உரிமையோடு திட்டுவேன். இந்தக் குழுவில் ஒருத்தரைத்தான் காப்பாற்ற முடியும் என்று யாராவது என் கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டிருந்தால், யோசிக்காமல் அவளைத்தான் கை காட்டியிருப்பேன்.

தையல்காரர்கள் ஒவ்வொரு குழுத்தலைவரிடமும் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். ஒரு பணியாளருக்கு ஒரு பக்கம். பெயர் எழுதக் கூடாது, பணியிட எண் மட்டும். 'இவரைப் பற்றி, உங்கள் சொந்த வார்த்தைகளில்' என்று மேலே போட்டிருந்தது. என் சொந்த வார்த்தைகள்! அதற்கென்ன பஞ்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் ஆறு பக்கத்தையும் எழுதி முடித்தேன்.

நாங்கள் எழுதும் விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் அலுவலகத்தில் புதன்கிழமைக் குழு என்று ஒன்று உண்டு. எந்தக் குடும்பத்துக்கு உதவி கொடுக்கலாம் என்று முடிவு செய்கிற ஐந்து பேர். வீட்டு வேலைக்கு ஒரு ஆள், பிள்ளைகளை மாலையில் பார்த்துக்கொள்ள ஓர் இடம், அம்மாவுக்கு ஆலோசனை, எல்லாம் அவர்கள் கையில். அவர்களிடம் போய் 'இந்தம்மா தைரியசாலி, எப்படியோ சமாளிக்கிறார்' என்று எழுதினால், சமாளிக்கட்டும் என்று ஃபைலை மூடிவிடுவார்கள். ஆகையால் கஷ்டத்தை முன்னால் வைப்போம். தூக்கமில்லை, கை நடுங்குகிறது, மூன்று முறை அழுதார், துணை தேவை, உடனே தேவை. எவ்வளவு கருப்பாக எழுதுகிறோமோ அவ்வளவு உதவி. பொய் ஒரு சொல்கூட இருக்காது. வெளிச்சமான பக்கத்தை எழுத மாட்டோம், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் கைப்பழக்கம். இதைப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

கடிகாரத்துக்கு அதே கையால் எழுதினேன். பக்கம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

அஞ்சு மணிக்கு இரண்டே வரி. 'குறிப்பாகச் சொல்ல எதுவுமில்லை. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார்.' அவருக்காகக் கேட்க என்ன இருக்கிறது? அவர் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விடுகிறார்.

பட்டியல் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கணினியில் வந்தது. மூன்று பேர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். எங்கள் குழுவிலிருந்து ஒரே ஒரு எண். நான்கு. அப்பாடா, ஒன்றுதானே என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணத்துக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிறகுதான் நான்கு யார் என்று மூளைக்கு எட்டியது. திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன், எண் மாறிவிடும் என்பதுபோல.

"நாலுன்னா... நம்ம கடிகாரமா?" என்றார் வக்கீல்.

அஞ்சு மணி மெல்லத் தன் இருக்கையில் போய் உட்கார்ந்தார். அவர் எண் இரண்டு. அது பட்டியலின் அடுத்த பகுதியில், 'தொடரும் பணியிடங்கள்' என்பதில் முதலில் இருந்தது.

கடிகாரம் வெளியே ஒரு வீட்டுக்குப் போயிருந்தாள். மூன்று மணிக்கு அவளுக்குக் கடிதம் போகும் என்று கீழே போட்டிருந்தது. நான் லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஐந்து மாடி ஏறினேன். முழங்கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

இயக்குநர் எங்கள் வேலையிலிருந்து மேலே போனவர் கிடையாது, நிர்வாகப் பிரிவிலிருந்து வந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தி, தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

"மேடம், நாலாம் நம்பரைத் தூக்கியிருக்காங்க. யாரு அது தெரியுமா உங்களுக்கு? இந்தக் கட்டடத்துலயே அவ மாதிரி ஆள் கிடையாது. அந்தத் தையல்... அந்த ரெண்டு பேரும் ஒரு நாளாவது அவகூட ஒரு வீட்டுக்குப் போயிருக்காங்களா? கண்ணை மூடிக்கிட்டா வெட்டுவாங்க?"

"உக்காருங்க."

"நான் உக்கார வரல."

"தயவுசெஞ்சு உக்காருங்க," என்று சொல்லி ஒரு ஃபைலைத் திறந்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "இது உங்க எழுத்துதானே?"

என் எழுத்துதான். நீல மை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் எழுதியது. யாரோ அதன்மேல் மஞ்சள் பேனாவால் கோடு கோடாகப் போட்டிருந்தார்கள். பாதிப் பக்கம் மஞ்சளாக இருந்தது.

'பதினெட்டுக் குடும்பங்கள் இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொரு குடும்பங்களைப் பார்க்கிறார், களைத்துப்போயிருக்கிறார்.' மஞ்சள். 'கடினமான வீடுகளுக்குப் போய்வந்த பிறகு காரை எடுக்க முடியாமல் பத்து நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.' மஞ்சள். 'இந்த வருஷத்தில் இரண்டு முறை என் அறையில் அழுதார்.' மஞ்சள். 'வீட்டில் நினைவு தப்பிய மாமனாரை இவரே பார்த்துக்கொள்கிறார், கணவருக்கு வெளியூரில் வேலை.' மஞ்சள். 'வீடுகளுக்குப் போகும்போது கூட ஒருவர் வர வேண்டும். மூன்று மாதத்துக்காவது வேலையைக் குறைக்க வேண்டும். ஆதரவு தேவை. உடனே தேவை.'

"அந்த ஆதரவு தேவைங்கிற வார்த்தை ஆறு தடவை வருது," என்றார் இயக்குநர். அவர் குரலில் குத்தல் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "இவ்வளவு தூரம் நீங்களே எழுதின பிறகு அவங்க வேற என்ன முடிவுக்கு வருவாங்க? எங்களுக்கு ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. நீங்க உங்க ஆளுங்களை விட்டுக்கொடுக்க மாட்டீங்களேன்னு பேசிக்கிட்டோம். பரவாயில்லை, நேர்மையா எழுதியிருக்காங்கன்னு நினைச்சோம்."

"இது... நான் அவளுக்கு உதவி கேட்டு எழுதினேன்."

"உதவியா? இந்தப் படிவத்துலயா?"

நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு முன்னால் என் கையெழுத்து, யாரோ எழுதியதுபோல இருந்தது. ஐந்து மாடி ஏறிவந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அப்போதுதான் அந்தத் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். பாதி என் சேலையில் கொட்டியது.

முறையீடு செய்ய ஏழு வேலை நாள் உண்டு என்றார் அவர். ஆனால் அதற்கு நான் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், இந்தப் பக்கத்தில் உள்ளது தவறான மதிப்பீடு என்று. அது என் ஃபைலில் நிரந்தரமாக இருக்கும். மூன்றாம் மாடிக் குழுவில் காலியாகக் கிடக்கும் ஓர் இடத்தை இதற்குப் பதிலாக வெட்டிக்கொள்ளலாம், அதற்கு அவர் பேசிப் பார்ப்பார். "உறுதியாச் சொல்ல முடியாது," என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். எந்தப் பக்கம் படிக்கட்டு என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை.

கீழே எங்கள் அறையில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. தையல்காரர்களின் ஏழு தலைமுறையும் அங்கே பிழிபட்டது. நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அக்கா முகத்தைப் பாருங்க, சண்டை போட்டுட்டு வந்திருக்காங்க," என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்படி ஒரு கோழைத்தனம் எனக்குள் இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்கள் யாரையோ திட்டுகிறார்கள், திட்டட்டும், அந்தத் திட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று இருந்தது. ஒரு மணி நேரம் ஒளிந்துகொண்டேன்.

வக்கீல்தான் கெடுத்தார். "நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு," என்று எழுந்து நின்றார். "எதை வெச்சு முடிவு பண்ணாங்க? எழுத்துல ஏதாவது இருக்கணும்ல? அதை அவகிட்ட காட்டினாங்களா? நாம ஒரு குடும்பத்தைப் பத்தி அறிக்கை எழுதினா, அனுப்பறதுக்கு முன்னாடி அவங்க எதிர்ல உக்காந்து ஒரு வரி விடாம வாசிச்சுக் காட்டறோம். அடிக்க வந்தாலும் காட்டறோம். குடிகாரனுக்குக் குடுக்கற மரியாதை, இங்க பன்னெண்டு வருஷம் உழைச்சவளுக்குக் கிடையாதா?"

"வக்கீலே, உக்காருங்க," என்றேன்.

கடிகாரம் இரண்டே முக்காலுக்கு வந்தாள். அன்றைக்கு மட்டும் சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாக. மழையில் தோள் நனைந்திருந்தது. வரும்போதே ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, அந்த ரெட்டைப் பிள்ளைங்க வீட்டு அம்மா இன்னைக்குக் குளிச்சுத் தலை வாரிக்கிட்டு உக்காந்திருந்தாங்க! நான் யாரோ விருந்தாளின்னு நினைச்சுட்டேன்," என்றாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவள் பிஸ்கட்டை நீட்டிக்கொண்டே ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"கொஞ்சம் வா," என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

போனது குடும்ப அறைக்கு. எங்கள் மாடிக் கோடியில் இருக்கிறது அது. தாழ்வான சோபா, ஒரு கூடை நிறைய பொம்மை, மேசையில் எப்போதும் ஒரு டிஷ்யூப் பெட்டி. குடும்பங்களுக்குக் கெட்ட செய்தி சொல்ல வேண்டுமானால் அங்கேதான் கூட்டிப் போவோம். நான் யோசித்து அங்கே போகவில்லை, கால் தானாகப் போய்விட்டது. உள்ளே போனதும் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அதுவும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான், எதிரே இருப்பவர் அடிக்க வந்தால் சட்டென்று வெளியேற.

கடிகாரம் உட்காராமல் நின்றாள். "இந்த ரூம்ல எதுக்குக்கா?"

சொன்னேன். பட்டியல், எண், மூன்று மணிக் கடிதம். அவள் மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தாள். கையிலிருந்த பிஸ்கட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். "என்னையா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "என்னையாக்கா?"

"எதை வெச்சுத் தூக்கினாங்கன்னா, நான் எழுதின பக்கத்தை வெச்சு. அதை உனக்கு வாசிக்கறேன்."

இயக்குநரிடம் ஒரு பிரதி கேட்டு வாங்கி வந்திருந்தேன். வாசித்தேன். முப்பத்தொரு குடும்பம் வரும்போது அவள் தலையை ஆட்டினாள். கார் வந்தபோது ஆட்டுவதை நிறுத்தினாள். அழுதது வந்தபோது என் முகத்தைப் பார்த்தாள். மாமனார் வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேருக்கு இப்படி வாசித்திருக்கிறேன். கத்தியிருக்கிறார்கள், காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்திருக்கிறார்கள், ஒருத்தர் என்மேல் சுடுதண்ணீரைக் கொட்டியிருக்கிறார். இவள் ஒன்றுமே செய்யவில்லை.

"கார்ல உக்காந்திருக்கறது..." என்றாள் அவள். "அதை உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்."

"உனக்கு வேலையைக் குறைப்பாங்க, கூட ஒரு ஆள் போடுவாங்கன்னு நினைச்சுத்தாண்டி எழுதினேன். நாம புதன்கிழமைக்கு எழுதற மாதிரி எழுதிட்டேன். சத்தியமா வேற எதுவும் மனசுல இல்லை."

"தெரியும்க்கா. படிக்கும்போதே தெரியுது." அவள் கையை நீட்டினாள். பக்கத்தைக் கொடுத்தேன். முன்பக்கமும் பின்பக்கமும் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தாள். எதையோ தேடுகிறாள் என்று புரிந்தது, எதை என்று புரியவில்லை.

"எல்லாம் நிஜம்தான். ஒண்ணுகூடப் பொய் இல்லை," என்றாள். "நான் நல்லா வேலை செய்யறேன்னு ஒரு வரி எங்கயாவது இருக்கான்னு பாக்கறேன்."

அந்தக் கைக்குழந்தையை எழுதவில்லை. நாற்காலி போடும் வீடுகளை எழுதவில்லை. உண்மையாகவே ஒரு வரி இல்லை.

"அதான் எல்லாருக்கும் தெரியுமேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"எல்லாருக்கும்னா யாருக்கு?"

அவள் பக்கத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மூன்றரைக்கு ஒரு வீட்டுக்குப் போக வேண்டும், அந்தப் பிள்ளை காத்துக்கொண்டிருக்கும் என்று எழுந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். ஏதோ சொல்லப் போகிறாள், திட்டப் போகிறாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்று பார்த்தேன். "உங்க சேலை நனைஞ்சிருக்குக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார். "எங்க வேலையில 'சத்தம் வருது'ன்னு ஒரு வார்த்தை எழுதினாப் போதும், லிஃப்ட்டை நிறுத்திடுவாங்க," என்றார். "எண்ணெய் போட்டாச் சரியாயிடும்னு எழுதறவனுக்குத் தெரியும். படிக்கறவனுக்குத் தெரியாது. அதனால நாங்க எண்ணெயைப் போட்டுட்டுத்தான் எழுதுவோம்." எரிந்து விழுந்தேன். லிஃப்ட்டும் மனுஷியும் ஒன்றா என்று கத்தினேன். அவர் பேசாமல் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அவர் சொன்னது சரி என்பதால்தான் கத்தினேன்.

மறுநாள் முறையீட்டுக் கடிதம் எழுதினேன். 'மேற்படி மதிப்பீடு தவறானது. பணியிடம் நான்கில் இருப்பவருக்குக் கூடுதல் ஆதரவு எதுவும் தேவையில்லை.' அப்பட்டமான பொய். இருபத்திரண்டு வருஷத்தில் நான் கையெழுத்துப் போட்ட முதல் பொய் அது. அவளுடைய நல்லதையெல்லாம் தனியாக மூன்று பக்கம் எழுதி இணைத்தேன். குழு முழுவதையும் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தை எழுதியது நான்தான் என்று சொன்னேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அஞ்சு மணி அன்றைக்கு ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தார், அவருக்குத் தெரிந்த மரியாதை அது.

பத்தாம் நாள் பதில் வந்தது. முறையீடு ஏற்கப்பட்டது. மூன்றாம் மாடியின் காலி இடம் வெட்டப்பட்டது, நான்காம் பணியிடம் தொடரும். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினேன். யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள். கடிகாரத்துக்கு நானே போன் செய்தேன்.

அவள் வந்தாள், எல்லாரிடமும் கை கொடுத்தாள், என்னிடமும் கொடுத்தாள். பிறகு ஒரு காகிதத்தை என் மேசையில் வைத்தாள். புதிய இரண்டு குழுக்களில் எதில் சேர விருப்பம் என்று கேட்கும் படிவம். மூன்றாம் மாடி என்று எழுதியிருந்தாள். காரணம் என்ற இடத்தில் 'மாற்றம் வேண்டும்' என்று இருந்தது.

"கோபமாடி?" என்றேன்.

"ஐயோ, இல்லக்கா. நீங்கதானே என் வேலையைக் காப்பாத்தினீங்க." அவள் பேசியது நிஜம்தான் என்பது முகத்தில் தெரிந்தது. "உங்க ரூமுக்கு வந்தா எல்லாத்தையும் சொல்லிடுவேன். பழக்கம் அப்படி. அதான்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் மேசையை ஒரே அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். குழுவே கீழே நின்று வழியனுப்பியது, ஒரு மாடி மேலே போவதற்கு.

இரண்டரை மாதம் ஆயிற்று. மூன்றாம் மாடித் தலைவர் கலகலப்பான மனிதர், யாரையும் நோகடிக்காதவர். நேற்று ஒரு கூட்டம் முடிந்து அறைக்கு வெளியே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க கடிகாரம் பிரமாதங்க. இப்பல்லாம் லேட்டே கிடையாது. மாசா மாசம் கூப்பிட்டு எப்படி இருக்கீங்க, என்ன கஷ்டம்னு கேட்டா, ஒண்ணுமில்ல சார், நல்லா இருக்கேன், அவ்வளவுதான். அஞ்சு நிமிஷத்துல மீட்டிங் முடிஞ்சிடும். மத்ததுங்க எல்லாம் ஒரு மணி நேரம் மூக்கைச் சிந்துதுங்க. போன வாரம் பாருங்க, சுத்தியல் வீட்டுக்குக்கூடத் தனியா போயிட்டு வந்துட்டா. ஜோடிக்கு ஆளே கேக்கல."

சுத்தியல் வீடு எங்கள் எல்லாருக்கும் தெரியும். மூன்று பிள்ளைகள், ஒரு தச்சர் அப்பா. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் எறிந்த சுத்தியல் எங்கள் ஆள் ஒருவரின் தோள் எலும்பை உடைத்தது. அந்த வீட்டுக்கு இரண்டு பேர் இல்லாமல் போகவே கூடாது என்பது சுவரில் ஒட்டிவைத்த விதி.

"தனியாவா? எதுக்கு விட்டீங்க?" என்று கத்தினேன். அவர் விழித்தார். "அவதான் பிரச்சினையில்லைன்னாளே," என்றார்.

நான் படியேறி ஓடினேன். கடிகாரம் லிஃப்ட்டுக்காக நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை. நல்ல வெயில் நாளில் மணிக்கட்டுவரை இழுத்துவிட்ட முழுக்கைச் சட்டை. இடது கன்னத்தில் பவுடர் கொஞ்சம் அதிகம். அவள் என்றைக்குப் பவுடர் போட்டாள்? பக்கத்தில் போனதும், பவுடருக்கு அடியில் கண்ணுக்குக் கீழே மஞ்சளும் ஊதாவுமாகத் தெரிந்தது. ஐந்தாறு நாள் ஆன காயத்தின் நிறம். இந்த நிறங்களை நாள் கணக்கோடு சொல்ல எங்களுக்குத் தெரியும்.

"என்னடி இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கா."

"எந்தக் கதவு?"

"கார் கதவு." யோசிக்கவே இல்லை, பதில் தயாராக இருந்தது.

நான் அப்படியே நின்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் கதவை எத்தனை வீடுகளில் கேட்டிருப்பேன். முகம் வீங்கிய எத்தனை பெண்கள் என் கண்ணைப் பார்த்து இதே இரண்டு வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். நிஜத்தைச் சொன்னால் நாங்கள் எழுதிவிடுவோம். எழுதினால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்படுவார்கள். அந்தப் பெண்களுக்கு எதிரே எப்படி உட்கார வேண்டும், எப்படி அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் செய்துகாட்டியவள் இவள்தான்.

"என்கிட்ட சொல்லுடி," என்றேன். "நான் யாருக்கும்..." அதற்குமேல் வாய் வரவில்லை.

"ஒண்ணுமில்லக்கா. நல்லா இருக்கேன். நேரமாச்சு, ஒரு வீட்டுக்குப் போகணும்."

லிஃப்ட் வந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்று சிரித்தாள். நான் கூட்டத்திலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தேன், கையில் குறிப்பேடும் பேனாவும் இருந்தன. கதவு மூடும்வரை அவள் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.